மதில் கட்டும் சைட்டுக்கு எந்த ஹெல்மட்? ஸ்டோர் பார்க்கிறவளின் அபிப்பிராயம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். டவுன் ஹார்ட்வெயாரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் மஞ்சள் ஹெல்மட் 650 ரூபா. பின்னால் குமிழைத் திருகி இறுக்குகிற வெள்ளை ஹெல்மட் 2,200. மலையேறுகிறவர்கள் போடுவது மாதிரி விளிம்பு குட்டையாக, காதுக்கு முன்னும் பின்னும் வார் இறங்கித் தாடைக்குக் கீழே பூட்டுகிற ஹெல்மட் 6,800. மூன்றையும் எங்கள் ஆட்கள் போட்டு வேலை செய்திருக்கிறார்கள். எது நல்லது, ஒரு வரியில் சொல் என்றால், மூன்றாவது. அப்படியானால் எல்லோருக்கும் அதையே வாங்கலாமா என்றால், அங்கேதான் கதை நீளும்.

அண்ணன் சின்னக் கொந்தராத்துக்காரர். நுவரெலியா மாவட்டத்தில் லிந்துலை, நானுஓயா, தலவாக்கலை பக்கம் வீடு, படிக்கட்டு, மலசலகூடம், மதில் என்று கிடைக்கிற வேலையைச் செய்கிறவர். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்துப் போன பிறகு மதில் வேலைதான் அதிகம். ரோட்டோரத்தில் மேடு சரிந்த இடம், லயத்துக்குப் பின்னால் மண் இறங்கின இடம், இப்படி. நான் ஸ்டோர் பார்க்கிறேன். சீமெந்து வரவு, கம்பி அளவு, சம்பளக் கணக்கு எல்லாம் என்னிடம். கையுறை, பூட்ஸ், ஹெல்மட் மூன்றும் என் கையால் போய் என் கைக்கே திரும்பி வரும். யார் ஹெல்மட்டை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பாஸ்மாரை, அதாவது மேசன்மாரை விட எனக்கு நன்றாகத் தெரியும். நாறிப்போய் வருவதைக் கழுவி வெயிலில்லாத இடத்தில் காயப்போடுகிறவள் நான்தானே.

மஞ்சளில் இருந்து தொடங்குகிறேன், நம் பக்கத்துச் சைட்டுகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். ஓடு மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே தலையில் உட்காரும் கூடும் பிளாஸ்டிக்தான், நாலு கொக்கியில் மாட்டியிருக்கும். அளவு மாற்ற வேண்டுமென்றால் பட்டியில் இருக்கிற ஓட்டைக்குள் பொத்தானைக் குத்த வேண்டும். எல்லாருடைய தலையும் ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஒன்றில் குத்தினால் நெற்றியில் தழும்பு விழும், அடுத்ததில் குத்தினால் குனியும்போது கழன்று விழும். கம்பி கட்டுகிற பையன் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறவன். ஒரு கையால் ஹெல்மட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவன் என்ன கட்டுவான்? பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னாலேயே அதைக் கழற்றி ஏதாவது ஒரு முட்டுக் கம்பில் தொங்கவிட்டுவிடுவான். அதற்கப்புறம் அது ஆணி போட்டு வைக்கிற பெட்டி, உட்காருகிற ஸ்டூல், மழை நேரத்தில் கடையில் இருந்து வடை வாங்கி வருகிற பாத்திரம். தலையைத் தவிர எல்லாவற்றுக்கும் உதவும்.

போன மழைக்காலத்தில் எங்கள் பையன் ஒருவன் ஈரக் களிமண்ணில் வழுக்கி, வெட்டின மேட்டில் இருந்து கீழே போனான். பெரிய உயரம் இல்லை, ஓர் ஆள் உயரம். ஹெல்மட் அவனுக்கு முன்னாலேயே கழன்று, தேயிலைக்குள் உருண்டு, கான் ஓரத்தில் போய் நின்றது. அவன் தலை கல்லில் பட்டுக் காதுக்கு மேலே கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஒரு இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். மறுநாள் நான் இறங்கிப் போய் அந்த ஹெல்மட்டை எடுத்து வந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தலைக்கு வாங்கினதா, கணக்குக்கு வாங்கினதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு ரகமும் எங்கள் ஸ்டோருக்கு வந்தன.

ஹெல்மட் என்றால் மேலே இருந்து கல் விழும், அதைத் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 397இன் 2012 பதிப்பில் பிரதான சோதனையும் அதுதான். 5 கிலோ எடையை 1 மீற்றர் உயரத்தில் இருந்து ஹெல்மட்டின் உச்சியில் விடுவார்கள். உள்ளே வைத்த போலித் தலைக்கு இறங்குகிற விசை 5 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. அப்புறம் 3 கிலோக் கூர்முனை ஒன்றை அதே உயரத்தில் இருந்து விடுவார்கள்; முனை தலையைத் தொடக் கூடாது. பக்கவாட்டில் நசுக்கிப் பார்க்கிற சோதனை அதில் விருப்பப்பட்டால் செய்து கொள்வது. கொழும்பில் பத்து மாடிக் கட்டடத்துக்குக் கீழே நிற்கிறவருக்கு இது சரி. எங்கள் மதில் சைட்டில் உச்சிக்கு மேலே பனிமூட்டம்தான் இருக்கிறது. வெட்டின மேட்டில் இருந்து உருளுகிற கல் தோளுக்கும் காதுக்கும் வரும். கழற்றுகிற முட்டுக் கம்பு பக்கத்தில் இருந்து சுழன்று வரும். எல்லாவற்றையும் விட, ஆளே வழுக்கி விழுவார். விழுகிறவருடைய தலை எந்தப் பக்கம் போய் அடிபடும் என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்கத் தரம், ஆன்சி இசட் 89.1, இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. முதல் வகை உச்சியில் படுகிற அடிக்கு. இரண்டாம் வகை முன், பின், பக்க அடிக்கும் சேர்த்து. அந்த நாட்டின் தொழில் பாதுகாப்புத் திணைக்களமான ஓஷா, தன்னுடைய பரிசோதகர்கள் போடுகிற பழைய மாதிரித் தொப்பியை விட்டுவிட்டு, தாடை வாரும் பக்கப் பாதுகாப்பும் உள்ள ஹெல்மட்டுக்கு மாறுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. அங்கே சைட் பார்க்க வருகிற பரிசோதகருக்கே அது தேவை என்றால், நானுஓயாச் சரிவில் ஈரப் பலகையில் நிற்கிறவருக்கு எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்கு வருவோம். இதன் ஓடு ஏபிஎஸ் என்கிற தடித்த, கடினமான பிளாஸ்டிக். உள்கூட்டில் துணி வார் ஆறு இடத்தில் மாட்டியிருக்கிறது. துணி என்பதால் தலையில் பாரம் பரவலாக உட்காரும், நெற்றியில் கோடு விழாது. பின்னால் இருக்கிற குமிழ்தான் இதன் உயிர். கையுறையோடு, ஈரக் கையோடு, தலையில் இருக்கும்போதே திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். குனிந்து நிமிர்ந்து பார்த்தேன், நகரவில்லை. பாஸ்மார் கழற்றாமல் போட்டிருந்த முதல் ஹெல்மட் இதுதான். என்னைக் கேட்டால், 650க்கும் 2,200க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் குமிழில் இருக்கிறது.

குறை என்னவென்றால் தாடை வார் கூட வராது, தனியாக 300 ரூபா கொடுத்து வாங்க வேண்டும். வருவதும் இலாஸ்டிக் வார், இரண்டே இடத்தில் மாட்டுவது. காற்றுக்கு ஹெல்மட் பறக்காமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆள் உருண்டால் அது இழுபட்டு நெற்றிக்கு மேலே ஏறிவிடும். இன்னொன்று, குமிழின் பல்லுக்குள் சீமெந்துத் தூள் போய் இறுகிக்கொள்ளும். இளம் சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். தின்னர், பெற்றோல் எதுவும் ஓட்டில் படக் கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலிக்கிறது, பெயின்ற் அடிக்கிற தம்பிமாருக்குத் தின்னர்தான் தண்ணீர்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கிறவர் கொழும்புக்காரர், அவருக்கு இது நினைவுக்கே வராது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர். தை மாதக் காலையில் ஆட்கள் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டி, அதன் மேல் ஹெல்மட்டைக் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹெல்மட் தலையைக் காப்பாற்றுவதே ஓட்டுக்கும் மண்டைக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளியால்தான். அடி விழும்போது வார் இழுபட்டு அந்த இடைவெளிக்குள் விசையைத் தின்று தீர்க்கிறது. அந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகக் கம்பளியைத் திணித்தால், ஹெல்மட் உயரத்தில் மிதக்கும், ஒரு தட்டுக்குக் கழன்றுவிடும். கிரிக்கெட் தொப்பி இன்னும் மோசம்; உச்சியில் இருக்கிற பொத்தான் அடி விழும்போது நேராக மண்டைக்குள் இறங்கும். இதற்கென்றே மெல்லிய உள்தொப்பி விற்கிறார்கள், தையல் மடிப்பு இல்லாமல் தலையோடு ஒட்டி நிற்கும், காதையும் மூடும். ஹெல்மட் செய்கிற கம்பனி தன் ஹெல்மட்டுக்கு ஏற்றது என்று சொல்கிற உள்தொப்பியை வாங்குவதுதான் சரி. எங்கள் வயதான பாஸ் ஒருவர் மட்டும் இன்னும் கேட்கவில்லை. "பாப்பா, காதுக்குள்ள குளிர் போனா நான் வேலைக்கு வரமாட்டேன்" என்கிறார். அவருடைய கம்பளியை ஒளித்து வைத்தும் பார்த்தாகிவிட்டது, மறுநாள் வேறொன்றோடு வந்தார்.

வெயிலும் இங்கே வேறு. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் பலமாகும். குளிராக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை, பிளாஸ்டிக்குக்கு உறைக்கும். கொங்கிரீட் வார்க்க அடிக்கிற சட்டர் பலகை மேல் மாதக்கணக்கில் கிடந்த மஞ்சள் ஹெல்மட்டை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரித் தூள் ஒட்டும். ஓட்டின் இரண்டு பக்கத்தையும் இரு கையால் பிடித்து ஓர் அங்குலம் அளவுக்கு உள்ளே அமுக்கி விட்டுப் பாருங்கள். நல்ல ஓடு உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பத் தயங்கினாலோ, உள்ளே நெறுக்கென்று சத்தம் கேட்டாலோ எறிந்துவிட வேண்டியதுதான். 3எம் கம்பனியின் பெல்டோர் ஜி3000 ஹெல்மட்டில் இதற்கென்றே சின்னச் சிவப்பு வட்டம் ஒன்று பதித்திருப்பார்கள். வெயில் பட்டுப் பட்டு அது வெளுத்து வெள்ளையானால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இந்த மாதிரி ஒரு வட்டம் மலிவு ஹெல்மட்டிலும் இருந்தால் என் வேலை பாதியாகக் குறையும்.

இப்போது 6,800 ரூபா ஹெல்மட். பெயர் கேள்விப்படாத கம்பனி, ஆனால் ஓட்டின் உள்ளே செய்தவர் பெயர், தரத்தின் எண், அளவு, செய்த வருடம் எல்லாம் பதித்திருந்தது. ஓட்டுக்கு உள்ளே ரிஜிபோம் மாதிரி வெள்ளை நுரை, உச்சியில் மட்டுமில்லாமல் பக்கங்களிலும் இறங்குகிறது. அதற்குள்ளே துணி வார், குமிழ். தாடை வார் ஓட்டோடு சேர்ந்தே வருகிறது, நாலு இடத்தில் பிடிக்கிறது, கிளிப்பைத் தட்டினால் பூட்டும். பூட்டிவிட்டுத் தலையைக் கீழே தொங்கப் போட்டு ஆட்டினாலும் அசையாது. பையன்கள் போட்டவுடன் செய்து பார்த்தது அதைத்தான்.

இந்த ஹெல்மட்டின் வேலையை அண்ணனுடைய தலையிலேயே பார்த்தோம். மதிலின் பின்பக்கச் சட்டரைக் கழற்றும்போது முட்டுக் கம்பு ஒன்று விலகி, பக்கத்தில் இருந்து வந்து காதுக்கு மேலே அடித்தது. ஆள் ஓரடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். தேத்தண்ணி கேட்டார், குடித்தார், எழுந்து வேலைக்குப் போகப் பார்த்தார். நான் விடவில்லை, டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தோம். ஹெல்மட்டில் வெளியே பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் போடலாம் என்றார்கள் எல்லோரும். கிட்டத்தட்ட ஒரு பாஸின் இரண்டு நாள் சம்பளம், எறிய யாருக்கு மனது வரும்? ஹெக்சோ பிளேடு எடுத்து வரச் சொல்லி, ஸ்டோர் வாசலில் வைத்து நடுவே அறுத்தோம். வெளியே கீறல் இருந்த இடத்துக்கு நேரே உள்ளே நுரை மேலிருந்து கீழ் வரை வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரம் நசுங்கி, கட்டைவிரலால் அமுக்கினால் பொருபொருவென்று உதிர்ந்தது. பக்கத்தில் அடி படாத இடம் அமுக்கினாலும் அமுங்கவில்லை. நுரை தன்னை நசுக்கிக்கொண்டுதான் அடியை வாங்குகிறது, ஒரு தடவைதான் வாங்கும். அதே சூட்டோடு ஒரு பழைய மஞ்சளையும் அறுத்தோம். ஓடு விளிம்புப் பக்கம் விசிட்டிங் கார்டு மூன்றை அடுக்கின தடிப்பு. உள்ளே காற்று. அறுத்த பாதிகள் இரண்டும் ஸ்டோர் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. அதற்குப் பிறகு ஹெல்மட் போடு என்று நான் கத்த வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

சரி, குறைகள். விளிம்பு குட்டை என்பதால் மழை நேரே முகத்துக்கும் பிடரிக்கும் வரும். எங்கள் பக்கத்தில் மழை என்பது வருடத்தில் பாதி, ஆகவே இது சின்னக் குறை இல்லை. கண்ணாடி போட்ட பாஸ் ஒருவர் இரண்டே நாளில் வெள்ளைக்குத் திரும்பிவிட்டார். மழைக்கோட்டின் தலைத்துணியை ஹெல்மட்டுக்கு மேலே இழுத்து விடலாம், ஆனால் மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் வேலை செய்கிற இடத்தில் பக்கப் பார்வை மறைந்துவிடும், அங்கே வேண்டாம். அடுத்தது, நுரை காய நேரம் எடுக்கும். மழை வாரத்தில் மூன்று நாள் விட்டால் ஸ்டோரே நாறும். நெற்றிப் பட்டியைக் கழற்றிக் கழுவ முடிகிற மாதிரி இருந்தால்தான் வாங்குங்கள், உபரிப் பட்டியும் சேர்த்து.

காற்றுத் துளைகளையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். துளை உள்ள ஹெல்மட் உச்சி வெயிலில் சுகம்தான். ஆனால் அமெரிக்கத் தரத்தில் துளை உள்ளதெல்லாம் சி வகுப்பு, மின்சாரத்துக்கு எந்தப் பாதுகாப்பும் சொல்ல மாட்டார்கள். ஜி வகுப்பு 2,200 வோல்டில் சோதிப்பது, ஈ வகுப்பு 20,000 வோல்டில். நம் ரோட்டோரங்களில் போகிற உயர் அழுத்தக் கம்பியில் 33,000 வோல்ட் ஓடுகிறது. ஆகவே ஈ வகுப்பு ஹெல்மட் போட்டிருக்கிறேன், அந்த மின்கம்பிக்குக் கீழே இரும்புக் கம்பியைத் தூக்கி நிமிர்த்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த இடத்தில் ஹெல்மட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

தாடை வாரிலும் இரண்டு ரகம் உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதே 2012 பதிப்பு ஈஎன் 397 ஹெல்மட்டின் வார் 150இல் இருந்து 250 நியூட்டனுக்குள் இழுபட்டால் விட்டுவிட வேண்டும், அதாவது 15 முதல் 25 கிலோ தொங்குகிற அளவு. ஹெல்மட் எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகக் கூடாது என்பதற்காக. மலையேற்றத் தரமான ஈஎன் 12492இன் வாரோ 500 நியூட்டன் வரையாவது பிடித்து நிற்க வேண்டும், ஆள் உருண்டாலும் ஹெல்மட் தலையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒன்று விட வேண்டும் என்கிறது, மற்றது விடாதே என்கிறது. எங்கள் மாதிரிச் சரிவிலும் சாரத்திலும் (உயரத்தில் நின்று வேலை செய்யக் கம்பும் பலகையும் வைத்துக் கட்டுகிற தட்டு) வேலை செய்கிறவர்களுக்கு விடாத வார். குழிக்குள், மெஷினுக்குப் பக்கத்தில், கம்பிக் கூட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு விடுகிற வார். கட்டாரில் சாரம் கட்டுகிற சித்தப்பா மகன் விடுமுறையில் வந்தபோது பெட்ஸல் வேர்டெக்ஸ் ஹெல்மட் ஒன்றைக் காட்டினான். அதில் கிளிப்பை மாற்றிப் போட்டால் ஒரே வார் இரண்டு மாதிரியும் வேலை செய்யும். கையில் வாங்கிப் பார்த்தாலே தெரிகிறது, வேறு தரம். விலையைக் கேட்டபிறகு பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி எனக்கு மனத்தாங்கலான இடம். எங்கள் சைட்டில் பெண்களும் வேலை செய்கிறார்கள். கொழுந்து இல்லாத நாட்களில் தோட்டத்தில் இருந்து வருகிற அக்காமார். மூன்று ஹெல்மட்டில் ஒன்றும் அவர்களை நினைத்துச் செய்தது இல்லை. கொண்டை பிடரியில் இருக்கிறது, குமிழும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. கொண்டையை மேலே தூக்கிப் போட்டால் ஹெல்மட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். கடைசியில் கொண்டையை அவிழ்த்து, கீழே இறக்கிப் பின்னல் போட்டால் வெள்ளை சரியாக உட்கார்ந்தது. அந்த 6,800ரூபா ஹெல்மட்டில் பின் வார்களுக்கு நடுவில் இடம் இருப்பதால் இன்னும் சுலபம். ஆனால் குமிழைக் கடைசி வரை இறுக்கினாலும் சிலருடைய தலைக்கு ஆடுகிறது. உள்ளே பதித்திருப்பது 54 முதல் 62 சென்ரிமீற்றர். ஓர் அக்காவின் தலையை நூல் வைத்து அளந்தேன், 52.

அதைவிடப் பெரிய சிக்கல் சுமை. மணலும் கொங்கிரீட்டும் தாச்சியில் தலைமேல்தான் போகிறது. சும்மாடு வைத்த தலையில் ஹெல்மட் எங்கே வைப்பது? ஹெல்மட் மேலேயே தாச்சியை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, அந்த வார்களும் கொக்கிகளும் அடியை வாங்கச் செய்தவை, நாள் முழுக்கப் பாரம் தூக்க இல்லை, போதாததற்கு வழவழவென்ற ஓட்டில் தாச்சி நிற்கவும் நிற்காது. அண்ணன் இப்போது ஆட்களை வரிசையாக நிறுத்திக் கைக்குக் கை மாற்றி ஏற்றுகிறார். சமதரையில் தள்ளுவண்டி. வரிசைக்கு ஆள் கூடத் தேவை, சம்பளம் கூடுகிறது, அதனால் எல்லா நாளும் நடப்பதில்லை. நடக்காத நாளில் அந்த அக்காமார் ஹெல்மட் இல்லாமல்தான் மேட்டுக்குக் கீழே நடக்கிறார்கள். இதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை.

நிறம் பற்றி ஒரு சின்னக் கதை. எஞ்சினியர் வெள்ளை போடுகிறார் என்பதால் முதல் நாள் எல்லோருக்கும் வெள்ளைதான் வேண்டும். பெரிய சைட்டுகளில் அப்படித்தான் பிரிப்பார்கள், ஆனால் எந்தத் தரத்திலும் இந்த நிறம் இன்னாருக்கு என்று நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கடையில் பச்சை மலிவாக இருந்தது, வாங்கி வந்தேன். தேர்தல் நேரம். பாதிப் பேர் தொடவில்லை. நீலம் வாங்கியிருந்தால் மற்றப் பாதி தொட்டிருக்காது. மலையகத்தில் ஹெல்மட் வாங்குகிறவர்கள் வெள்ளையோடும் மஞ்சளோடும் நின்றுகொள்வது நல்லது. பனிமூட்டத்தில் நன்றாகத் தெரிவதும் அவைதான்.

அண்ணனுக்கு ஹெல்மட் பழக்கம் அப்பர் கொத்மலையில் வந்தது. 2012இல் முடிந்த அந்த 150 மெகாவாட் நீர்மின் அணை வேலையில், தலவாக்கலையில் கம்பி கட்டப் போனவர். அங்கே ஹெல்மட் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்களாம். அணைக்கும் ஹெல்மட்டுக்கும் ஏதோ பழைய உறவு இருக்கிறது போல. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியவர்களும் முதலில் துணித் தொப்பியைத் தாரில் தோய்த்துக் காயவைத்துப் போட்டார்கள். அதற்கு முன்பே, 1919இல், சான் பிரான்சிஸ்கோவில் புல்லார்ட் என்பவர் கன்வஸ் துணியை ஆவியில் வேகவைத்து, பசை போட்டு, கறுப்புப் பெயின்ற் அடித்து விற்கத் தொடங்கியிருந்தார். எங்கள் மஞ்சள் ஹெல்மட்டுக்கு அது பரவாயில்லை என்று சில நேரம் தோன்றும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஹட்டன், நுவரெலியா கடைகளில் முதல் இரண்டு ரகம் சுலபமாகக் கிடைக்கும். மூன்றாவது ரகத்துக்கு நான் புறக்கோட்டை பழைய சோனகத் தெரு வரை போக வேண்டியிருந்தது. எங்கே வாங்கினாலும் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்புக்கு உள்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், 1 முதல் 12 வரை எண், நடுவில் அம்புக்குறியும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். அம்பு காட்டுகிற எண் செய்த மாதம். ஒரு கடையில் தூசி தட்டி எடுத்துத் தந்த ஹெல்மட் செய்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வட்டமே இல்லாமல் 'சீஈ' என்ற ஐரோப்பிய முத்திரை ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். பெரிய கம்பனிகள் உள்கூட்டை 12 மாதத்துக்கு ஒரு தடவையும், ஓட்டை அதிகபட்சம் 5 வருடத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்கின்றன. ஆகவே உள்கூடு தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். வெள்ளைக்குக் கிடைத்தது, 700 ரூபா. மூன்றாவதுக்கு இதுவரை கிடைக்கவில்லை, அது ஒரு பெரிய குறைதான்.

எங்கள் ஸ்டோரில் இப்போதைய ஏற்பாடு இதுதான். சாரத்திலும் வெட்டுமேட்டிலும் நிற்கிறவர்களுக்கு 6,800. கீழே கலவை, புளொக் கல், கம்பி வெட்டுகிறவர்களுக்கு வெள்ளையும் வாரும். மஞ்சளில் நல்ல நிலையில் இருந்த இரண்டை சைட் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிறேன், மற்றவற்றைக் கொக்கியை உடைத்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய் வேறு எங்காவது போடுவார்கள். அடுத்த ஓடரில் 50 சென்ரிமீற்றரில் தொடங்குகிற சின்ன அளவு கேட்டிருக்கிறேன். கடைக்காரர் "அப்படி யாரும் கேட்டதில்லையே தங்கச்சி, விசாரித்துச் சொல்றேன்" என்றார். ஆறு தேவை என்று எழுதிக் கொடுத்து, 5,000 ரூபா முற்பணமும் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.